கரும்பலகையில் கணக்கு மிஸ்

அரூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான்தான் லீடர். மிஸ் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். எழுதிய பிறகும் பேசினால் பக்கத்தில் ஒரு இன்ட்டு. பெயர் இருப்பவர்கள் பெல் அடிக்கும்வரை நிற்க வேண்டும்.

கொய்யாக்காய் கொடுத்தவர்கள் பேசியது என் காதில் விழாது. என்னோடு சண்டை போட்டவள் தும்மினால்கூட எழுதிவிடுவேன். தலைமையாசிரியரின் மகள் ஓயாமல் பேசுவாள்; அவளை எழுதக் கூடாதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் வாய் நிறையக் கொய்யாவோடு கணக்கு மிஸ்ஸிடம் மாட்டினேன். பதவி போனது. சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒருத்தியிடம் சாக்பீஸைக் கொடுத்தார். அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அவள் முதலில் எழுதியது என் பெயர். அடுத்தது தலைமையாசிரியரின் மகள். நீட்டிய கொய்யாவை வாங்கித் தின்றுவிட்டு, நீட்டியவளையும் எழுதினாள்.

மூன்றாம் நாள் கணக்கு மிஸ் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனார். தமிழ் ஐயா வந்து சேர்ந்தார். அவர் கட்டும் புது வீட்டுக்கு சேலத்தில் டைல்ஸ் எடுத்த கதை எங்களுக்கும் நன்றாகக் கேட்டது. இவள் வாசலைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு பட்டியலின் கடைசியில் ‘கணக்கு மிஸ், தமிழ் ஐயா’ என்று எழுதினாள். வராந்தாவில் பேச்சு நிற்கவில்லை. இன்ட்டு ஏறிக்கொண்டே போனது. எங்கள் வகுப்பு அப்படி அமைதியாக இருந்ததே இல்லை. அந்த அமைதிதான் மிஸ்ஸை உள்ளே வரவைத்தது.

கரும்பலகையைப் படித்த மிஸ், “இது யாரு எழுதுனது?” என்று கேட்டார்.

“நாந்தாங்க மிஸ். பேசுனா எழுதச் சொன்னீங்க. எழுதுன அப்புறமும் பேசுனீங்க, அதான் இன்ட்டு போட்டேங்க.”

ஜன்னலில் தமிழ் ஐயாவின் தலை தெரிந்தது. தனக்கு எத்தனை இன்ட்டு என்று விசாரித்தார். ஆறு என்றாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, நின்றுகொண்டிருந்த எங்கள் வரிசையில் சேர்ந்துகொண்டார். நாற்காலியில் உட்காரப்போன மிஸ்ஸும் வேறு வழியில்லாமல் பெல் அடிக்கும்வரை நின்றார்.

மறுநாள் காலை சாக்பீஸ் என்னிடமே திரும்பி வந்தது. “உனக்குத்தான் யார எழுதணும்னு தெரியும்,” என்றார் மிஸ். அதைப் பாராட்டு என்றே நினைத்துப் பூரித்தேன்.

சத்துணவு வரிசையில் அவளிடம் வருத்தமா என்று கேட்டேன். “இல்ல. இனிமே நானும் பேசலாமில்ல,” என்றாள்.

மதிய வகுப்பில் மிஸ் இல்லாத நேரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கரடி, பலாப்பழம், ஹாஸ்டல் சாம்பார் என்று நிற்கவேயில்லை. நானும் விடாமல் பதில் பேசினேன். எங்களை எழுத ஆளில்லை.