கிறேஸ் வெளியேறினார்

கொடகவெல பஜாரிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது கிறேஸ் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. நாற்பது வயது தாண்டியும் அதே லயத்தில்தான் இருக்கிறார். கணவர் சாள்ஸ் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறார். கிறேஸ் கொழுந்து பறிக்கிறார்.

தோட்டப் பாடசாலையில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாசிக்கும் பழக்கம் நிற்கவில்லை. தமிழில் எது கையில் கிடைத்தாலும் வாசிப்பார், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட. சிங்களம் அவருடைய வாயில் தண்ணீராக ஓடும். பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடித்தால் முன் சீட்டில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த மொழியின் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. சிங்களம் படிப்பிக்க ஆசிரியர் வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் வந்து சேர்வதற்குள் கிறேஸ் மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பிரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் இப்படித்தான். சிங்களம் பேசுவார்கள், கேட்பார்கள், அதில் கேலி பண்ணுவார்கள், திட்டுவார்கள். வாசிக்க மாட்டார்கள். இது அவர்களுடைய குறை அல்ல, பாடசாலைக்கு ஆசிரியர் அனுப்பாதவர்களின் குறை. அந்தக் குறையின் வழியாகத்தான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்கப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் காலையில் ஆட்கள் திரண்டு நிற்பதைப் பெரட்டு என்பார்கள். யார் எந்த மலைக்குப் போவது என்று பெரட்டுக் களத்தில்தான் பிரித்து அனுப்புவார்கள். ஒரு நாள் வேலைக்கும் அதன் சம்பளத்துக்கும் ‘பேர்’ என்பார்கள். பெரட்டில் நின்றால் பேர் விழும். நிற்காவிட்டால் விழாது. தலைமுறை தலைமுறையாக இருந்த இந்த ஏற்பாட்டைக் கஜேந்திரன் போனுக்குள் கொண்டுபோனான்.

கஜேந்திரன் அந்தப் பிரிவின் வெளிக்கள உத்தியோகத்தர். அதே லயத்தில் வளர்ந்து, படித்து, உத்தியோகத்துக்கு வந்தவன். அவனுடைய தாய் மருதாயி இன்னும் கிறேஸுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிறார். எல்லோரும் அவனை ஐயா என்றார்கள். கிறேஸ் மட்டும் தம்பி என்றே கூப்பிட்டார். ஆட்களுக்கு முன்னால் ஐயா என்று சொல்லச் சொல்லி அவன் ஒருமுறை தனியாகக் கேட்டுக்கொண்டான்.

“சரி தம்பி. ஒன்ன ஐயான்னா, ஒங்கம்மாவ நான் என்னான்னு கூப்பிடுறது?” என்று கேட்டார் கிறேஸ். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவன் ‘கீழ்ப்பிரிவு பெரட்டு’ என்று ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கியபோது கிறேஸும் சந்தோஷப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். மழையில் களத்தில் நிற்கத் தேவையில்லை. எந்த மலை என்று குரல் பதிவு வரும். கேட்டதும் கட்டை விரல் படத்தைப் போட வேண்டும். விரல் போட்டால் பெரட்டுக்கு வந்ததாகக் கணக்கு. போடாவிட்டால் பேர் இல்லை. கொஞ்ச நாளில் பெண்களுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. அடுப்பு ஊதிக்கொண்டே விரல் போட்டார்கள். கஜேந்திரன் பிறந்தநாள் கேக் படம் போட்டபோதும் விரல் போட்டார்கள். எதற்கும் போட்டு வைப்போம், பேர் போய்விடக்கூடாதே என்பதுதான் எண்ணம்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் நீளமாக ஒரு சிங்களச் செய்தி வந்தது. குரல் பதிவு இல்லை, எழுத்து மட்டும். தோட்டக் கந்தோர், அதாவது அலுவலகம், அனுப்பியதைக் கஜேந்திரன் அப்படியே தூக்கிப் போட்டிருந்தான். ஒருவருக்கும் அதில் ஒரு வரி விளங்கவில்லை. ஆனாலும் மளமளவென்று விரல்கள் விழுந்தன. மருதாயியின் விரலும் விழுந்தது. கிறேஸின் விரலும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஃபெக்டரிச் சங்கு ஊதியது. இனி ஞாயிறும் வேலை நாள், கொழுந்து குறைந்த கிழமைகளில் வேறொரு நாள் லீவு தருவோம் என்று குரல் பதிவு வந்தது. கிறேஸ் கஜேந்திரனுக்குப் போன் போட்டார். அவன் ஆச்சரியப்பட்டவன் போலப் பேசினான். புதன்கிழமை செய்தி அதுதானே, எல்லோரும் சம்மதம் போட்டீர்களே, கந்தோரில் அந்த விரல்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றான்.

இந்த மக்களின் பாட்டன்மாரிடம், அவர்கள் வாசிக்க முடியாத தாளை நீட்டிக் கட்டை விரலில் மை தடவினார்கள். அந்த விரல் ரேகைக்கு மரியாதையாக ‘ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று மை மாறிவிட்டது, தாள் மாறிவிட்டது. வாசிக்க முடியாதவரின் விரலைப் பிடித்துக் கையெழுத்து வாங்கும் புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. விஞ்ஞானம் முன்னேறினால் அநியாயம் தானாகக் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அந்த மலைக்குப் போய்வர வேண்டும்.

இந்த அநியாயத்துக்குப் பக்கத்திலேயே மருந்தும் விற்றார்கள். கோயில் கமிட்டிக்காரர் இது சனியின் பார்வை, எள் தீபம் ஏற்றினால் சரியாகும் என்றார். கிறேஸின் ஜெபக் கூட்டத்தில் பொறுமையைப் பற்றி ஒரு பிரசங்கம் நடந்தது. கிறேஸ் விசுவாசிதான். ஆனாலும் பிரசங்கம் முடிந்ததும் எழும்பி, “ஞாயித்துக்கெழம வேலன்னா இந்தக் கூட்டத்துக்கு யாரு வருவாங்க, பாஸ்டர்?” என்று கேட்டார். இதை எழுதும் எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. துணி துவைக்க, விறகு சேர்க்க, தலைக்குக் குளிக்க, ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்க அந்தப் பெண்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கிறேஸ் குறூப்பை விட்டு வெளியேறினார். ‘கிறேஸ் வெளியேறினார்’ என்று எல்லோருடைய போனிலும் விழுந்தது. தோட்டத்தில் எந்த அதிகாரியும் தராத ‘ஆர்’ மரியாதையை அந்த யந்திரம் தந்தது. கஜேந்திரன் அவரைத் திரும்பச் சேர்த்தான். அவர் திரும்பவும் வெளியேறினார். அடுத்த நாள் மறுபடி சேர்த்திருந்தான். லயத்தில் அது பகிடியாகிவிட்டது. கிறேஸக்கா இன்னிக்கு உள்ளயா வெளியயா என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டுச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிறேஸ் பஜாருக்கு இறங்கினார். போனுக்கு றீலோட் போடும் கடை ஸாஹிராவுடையது. போனை அவரிடம் நீட்டி, இந்தக் கணக்கையே அழித்துத் தரச் சொன்னார்.

ஸாஹிரா திகைத்துப் போனார். யாரும் குறூப்பில் சேர்க்க முடியாதபடி செய்ய ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்து தருகிறேன் என்றார். அழித்தால் பழைய படம், பேச்சு எல்லாம் போய்விடும், குவைத்தில் இருக்கும் தங்கச்சி எப்படிக் கோல் எடுப்பாள் என்று கேட்டார்.

“கதவச் சாத்தினா வந்து தட்டுவான், ஸாஹிராக்கா. ஏன் சாத்தினேன்னு கேப்பான். வீடே இல்லன்னா எங்க தட்டுறது?” என்றார் கிறேஸ்.

ஆனால் தங்கச்சி சுகந்தியின் பெயர் வந்ததும் அவருடைய கை கொஞ்சம் பின்வாங்கியது. சுகந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். எஜமானி தூங்கும் நேரத்தில் சமையலறையில் நின்று பேசுவாள். அந்த முகத்தைக் கிறேஸ் பார்ப்பது இந்த வட்ஸ்அப்பில்தான். கடை வாசலிலேயே நின்று அவளை அழைத்தார். நடந்ததைச் சொன்னார். சாதாரணக் கோலுக்குக் காசு நிறைய வெட்டும், அடிக்கடி பேச முடியாது என்றும் சொன்னார்.

சுகந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு இங்க ஞாயித்துக்கெழமையே இல்ல அக்கா. ஒனக்காவது இருக்கட்டும். அழிச்சிரு” என்றாள்.

ஸாஹிரா அழித்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. “புள்ள, நாளைக்கு அவன் நாட்டாமை பண்ண வந்தா எனக்கிட்ட அனுப்பு. அந்தச் சிங்களத்த நான் வாசிச்சிக் காட்டுறன்” என்று மட்டும் சொன்னார்.

சாள்ஸ் கோபப்பட்டார். பேர் போனால் வீடு எப்படி நடக்கும், குழியில் மாதக்கணக்கில் கல் கிடைக்காது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டார். நியாயமான பயம்தான். கிறேஸ் அதை மறுக்கவில்லை. “எனக்கும் பயந்தான்” என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் இருந்தார். திங்கட்கிழமை காலையில், இடுப்பில் கட்டும் படங்கைச் சுருட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனார். புல் முளைத்துக் கிடந்த களத்தில் தனியாளாக நின்றார்.

மலைக்குப் போகிற பாதை களத்தை ஒட்டித்தான் போகிறது. பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கஜேந்திரன் மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

“அக்கா, குறூப்ல இல்லன்னா பேர் போட முடியாது. அது கந்தோர் சட்டம்.”

“நான் பெரட்டுல நிக்கிறேன் தம்பி. ஒனக்குக் கண்ணு தெரியுதுல்ல. எந்த மலைன்னு வாயால சொல்லு.”

“மேல் மலை. போங்க” என்றான் அவன், தகராறை முடிக்க நினைத்து.

“போறேன். அதுக்கு முந்தி அந்தப் புதன்கெழம செய்தியையும் வாயால சொல்லு. சிங்களத்துலயே வாசி. எங்களுக்கு வெளங்கும்.”

அவன் தயங்கினான். வேலைக்கு நேரமாகிறது என்றான். மருதாயி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். “வாசிச்சிட்டுப் போயேன். நானுந்தான விரல் வச்சேன்” என்றார் மகனிடம்.

கஜேந்திரன் வாசித்தான். செய்தி கந்தோர்ச் சிங்களத்தில் சுற்றி வளைத்துப் போனது. கடைசி வரியில், தொழிலாளர்கள் தங்கள் ‘கெமெத்தெங்’ ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர இணங்குகிறார்கள் என்று இருந்தது. எழுத்தில் அதற்கு ‘விருப்பத்துடன்’ என்று பொருள். ஆனால் ‘கெமெதி’ அந்தப் பெண்களுக்குப் பஜாரில் தினமும் காதில் விழும் சொல். பையன் பெண்ணிடம் சொல்லும் சொல்.

ஒருத்தி சிரித்தாள். அது அப்படியே பரவியது. ஞாயிற்றுக்கிழமை வேலை மேல் நமக்கெல்லாம் காதலாம் என்றாள் இன்னொருத்தி. மருதாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “ஒங்கப்பனுக்கே நான் கெமெதின்னு சொன்னதில்லடா. கந்தோருக்கா சொல்லியிருப்பேன்?” என்றார்.

கஜேந்திரனின் முகம் சிவந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் களத்தில் கோபம் ஏறியது. இத்தனை நாள் யாரோ ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று இருந்தது. இப்போது அது தங்களுடைய விருப்பம் என்று எழுதியிருப்பதைத் தங்கள் காதாலேயே கேட்டுவிட்டார்கள். ஒருத்தி போனை எடுத்தாள். பிறகு இன்னொருத்தி. வெளியேறினார், வெளியேறினார் என்று அவனுடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மருதாயிக்கு எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. மகனிடமே போனை நீட்டினார். அவன் அமுக்கிக் கொடுத்தான்.

கந்தோர் சும்மா இருக்கவில்லை. வேலையைக் குழப்புவதாகக் கிறேஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கெடுபிடியாகப் பேசினார்கள். அவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: பெரட்டுக்கு வருகிறேன், வேலை செய்கிறேன், பேர் போடுங்கள், ஞாயிறு வர மாட்டேன். தொழிற்சங்கக்காரர் ஒருவர் எல்லாம் நடந்த பிறகு வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தார். கிறேஸோடு நின்று படம் எடுத்துத் தன் பேஸ்புக்கில் போட வேண்டும் என்றார். வேண்டாம் என்றார் கிறேஸ். அவர் வற்புறுத்தவே, “படம் புடிக்கிறதுன்னா சங்கு ஊதுறப்ப களத்துல வந்து நின்னு புடிங்க” என்றார்.

அடுத்த ஞாயிறும் சங்கு ஊதியது. ஐந்தாறு பேர் படங்கு கட்டிக்கொண்டு போனார்கள். போகாமல் இருக்க முடியாத வீடுகள் அவை. அவர்களைப் பற்றி யாரும் குறை சொல்லக் கிறேஸ் விடவில்லை. மற்றவர்கள் போகவில்லை. அந்தக் கட்டளையைக் கந்தோர் இன்னும் வாபஸ் வாங்கவும் இல்லை, போகாதவர்களின் பேரில் கை வைக்கவும் இல்லை. பெரட்டு திரும்பவும் களத்துக்கே வந்தது, புல் மிதிபட்டுத் தேய்ந்துவிட்டது.

நான் அந்த லயத்துக்குப் போயிருந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பீலியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கிறேஸ் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தார். பிரச்சினை ஓய்ந்துவிட்டதே, இனித் தங்கச்சிக்காகவாவது திரும்ப ஒரு கணக்குத் தொடங்கலாமே என்று சாள்ஸ் என் முன்னாலேயே கேட்டார்.

“தொடங்கலாம். அது நம்ம இஷ்டத்துக்கு. மொதல்ல ஞாயித்துக்கெழமச் சங்கு நிக்கட்டும்” என்றார் கிறேஸ்.

பிறகு கம்பளியின் ஒரு நுனியைச் சாள்ஸின் கையில் கொடுத்து, மறு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, நல்லா முறுக்குங்க என்றார்.