மஞ்சக்கரு என் பங்கு

எங்கள் வீட்டில் முட்டை பாகம் பிரிந்தது போன வருஷம். வெள்ளை என் மனைவிக்கு, மஞ்சள் எனக்கு. எங்கள் பரம்பரையில் சண்டை சச்சரவு இல்லாமல் நடந்த ஒரே பாகப்பிரிவினை அதுதான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆரணியில் பஸ் ஏறி வேலூர் போய் வருவோம். வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கும்போது நான் இறங்கிப்போய் ஒரு டீ குடிப்பேன். அவளுக்குத் தண்ணீரே அளவுதான், அவள் எதிரில் குடிக்கக் கூடாது என்று என் நல்லெண்ணம். அவள் ஜன்னல் வழியாக நான் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

ஊசி போட வசதியாக அவள் இடது கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி விர்ரென்று ஓடும். ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "இத்தனை வருஷத்துல தினம் என் கையைப் பிடிக்கிறது இப்பதான் மாமா" என்றாள் ஒருநாள். அவள் என் அத்தை மகள். என்னைக் கேலி பேசும் உரிமை அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்லும் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "ரத்தத்துல புரதம் இறங்கிட்டே போகுதுங்க. தினம் முட்டை குடுங்க. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள்ல இருக்கிற பாஸ்பரஸ் இவங்களுக்கு ஆகாது."

"மஞ்சளை இன்னா பண்றதும்மா?" என்றேன்.

"எடுத்துப் போட்டுடுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தம்மா நெசவுக்காரர் வீட்டில் பிறக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் வீட்டிலேயே தறி வைத்துப் பட்டு நெய்கிறவன். பட்டு எங்களுடையது இல்லை, முதலாளி நிறுத்துக் கொடுப்பது. சேலையாகத் திரும்பும்போதும் நிறுத்துத்தான் வாங்குவார். அதனால் அறுந்த இழையை முடிச்சுப் போடுவோமே தவிர எறிய மாட்டோம். முடிச்சுக்கும் எட்டாத துண்டுகளைத் தறியோரம் ஒரு டப்பாவில் சேர்ப்போம், அதுவும் சேலையோடு போகும். ஒரு ஜரிகைத் துணுக்கைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிய என்னை, பாதித் தெருவிலிருந்து அவள் திருப்பிக் கூப்பிட்டதுண்டு. இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில், தட்டில், ஜரிகை நிறத்தில், உருண்டையாக மஞ்சக்கரு.

"கீழ போடாதீங்க மாமா. நீங்க சாப்டுங்க" என்றாள்.

சாப்பிட்டேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை, பேச்சு சாப்பாட்டைப் பற்றியதாக இருந்தால்.

அவளுக்குத்தான் இறங்கவில்லை. உப்பும் கிடையாது, காரமும் கிடையாது. "ரப்பரைத் தின்னுகினு இருக்கேன்" என்பாள். சில நாள் வாசனைக்கே குமட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நான் ஒரு வேடிக்கை பேச வேண்டும். அவள் சிரிக்க வாய் திறக்கும்போது ஒரு துண்டு உள்ளே. என் சரக்கெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோய், நான் மஞ்சக்கரு சாப்பிடுவதே வேடிக்கை என்றாகிவிட்டது. வெங்காயமும் மிளகும் போட்டு, தாராளமாக எண்ணெய் விட்டு வறுத்து, ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடி மயங்கி விழுகிற மாதிரி நடிப்பேன். வறுப்பதற்கு முன் தறிமேல் பழைய போர்வையை மறக்காமல் போர்த்திவிடுவேன். பட்டு வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். யாரோ ஒரு கல்யாணப்பெண் மணமேடையில் பொடிமாஸ் மணக்க உட்காரக் கூடாதில்லையா. அவள் சிரித்துக்கொண்டே தன் ரப்பரை மெல்லுவாள்.

அடுத்த பரிசோதனையில் புரதம் ஏறியிருந்தது. ஏதோ நானே நெய்து ஏற்றிய மாதிரி எனக்குப் பெருமை.

என் வயிறும் ஏறியது. தறியில் நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் கட்டை ஒன்று நம் வயிற்றுக்கு எதிரே இருக்கும். எனக்கும் அதற்கும் நடுவில் முன்பெல்லாம் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம். இப்போது காற்று போவதே பேஜாராக இருந்தது. முட்டைக்கடைக்காரர் ட்ரேயைக் கட்டிக்கொண்டே, "வீட்ல உடம்பு சரியில்லன்னு வாங்கிகினு போறீங்க, தேறிகினு வர்றது நீங்களா இருக்கீங்களேண்ணே" என்றார். அதை வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினேன். அன்று வெள்ளை முழுவதும் மறுபேச்சில்லாமல் இறங்கியது.

இதற்கிடையில் மாற்றுச் சிறுநீரகப் பேச்சு வந்தது. அவள் அண்ணனுக்குச் சர்க்கரை, அவர் தர முடியாது. சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் மகள், "நான் தர்றேம்மா" என்று போனில் சொன்னாள். "இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு எடுத்தீனா நான் வேலூருக்கே போவ மாட்டேன்" என்று இவள் போனை வைத்துவிட்டாள். கல்யாணம் ஆக வேண்டிய பெண், ஒரே பெண். மிச்சம் இருப்பது நான். எனக்கும் அவளுக்கும் ரத்த வகை ஒன்றுதான். "சொந்தத்துல கட்டாதேன்னாங்களே, பாத்தியா, ஸ்பேர் பார்ட்ஸ் வீட்லயே கீது" என்று மார்தட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போனேன்.

முடிவு சொன்ன டாக்டருக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "ரத்தம் சேருதுங்க. ஆனா பிரஷர் அதிகமா இருக்கு. கொழுப்பு ரத்தத்துலயும் இருக்கு, ஈரல்லயும் இருக்கு. எடையும் கூடியிருக்கு. இப்ப உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது. என்ன சாப்பிடுவீங்க?"

வழக்கம்போலக் கதையாகச் சொன்னேன், கண்ணை மூடி மயங்கும் இடம் உட்பட. அவர் சிரிக்கவில்லை.

"தினம் ஒரு முட்டையை அவிச்சு முழுசா சாப்பிடுங்க, நல்லதுதான். நாலு மஞ்சளைத் தனியா எண்ணெயில வறுத்துச் சாப்பிடச் சொன்னது யாரு? அது மட்டுமே காரணம்னும் நான் சொல்லல. நடக்கிறீங்களா?"

"காலு நாளெல்லாம் தறியை மிதிச்சுகினுதானே சார் கீது."

"காலு நடக்குது. ஆள் நடக்கிறீங்களா?"

அந்த அறையில் அன்று பேசப்பட்டதிலேயே நல்ல நகைச்சுவை அதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பைக் குறைத்துக்கொண்டு சில மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

திரும்பும்போது கண்ணமங்கலத்தில் நான் இறங்கவில்லை.

"போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

"வேணாம்."

பஸ் கிளம்பியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான்தானே மாமா கீழ போடாதீங்கன்னு சொன்னேன்."

இந்த இடத்தில் நான் ஏதாவது உளறியிருக்க வேண்டும். டிக்கெட்டை எடுத்து மடித்தேன், பிரித்தேன். ஆரணி வரைக்கும் மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். "நான் வெள்ளையைத் தின்னா உங்க தட்டுல மஞ்சள் விழுது. எனக்கு முட்டையே வேணாம்." கெஞ்சினேன், கோபித்தேன், கோழி மாதிரிகூடக் கத்திக் காட்டினேன். வேணாம் என்றால் வேணாம். பருப்பும் பயறும் டாக்டர் அளந்து சொன்னதற்கு மேல் கூடாது, அதனால் அங்கேயும் வழியில்லை. புரதம் மறுபடி இறங்கியது. இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். "லீவு சொல்லிட்டேம்மா. அடுத்த வாரம் வந்து டெஸ்ட் எடுத்துக்கிறேன். அப்பாவால முடியலன்னா விடு" என்றாள். இவள் போனை என் கையில் திணித்தாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் டைம் குடும்மா, நீ இப்ப வராதே" என்று நான்தான் மகளிடம் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு முட்டையை வேகப்போட்டேன். உரித்து, பிளந்து, வெள்ளையை அவள் முன்னால் வைத்தேன். மஞ்சளைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் போனேன். கையை நீட்டிவிட்டேன், விரல்தான் பிரியவில்லை.

"போடுங்க மாமா."

"போடறேன்."

"எப்போ?"

"சுவர்மேல காக்காவுக்கு வெச்சுட்டா?"

கொஞ்சம் யோசித்தாள். "காக்காவுக்குன்னா வீண் இல்ல" என்றாள்.

என் அப்பா உயிரோடு இருந்தவரை முட்டை வைத்த தட்டைக்கூடத் தொட்டவரில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தினமும் மஞ்சக்கருப் படையல். காகம் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்து, "பெரியவருக்கு ஈரல் கெட்டுடப்போவுது" என்றாள். அவள் வாய் திறந்தது. ஒரு துண்டு உள்ளே போயிற்று.

இப்போது தினமும் முள்ளிப்பட்டு ரோட்டில் ஆள் நடக்கிறேன். எனக்குக் காலையில் ஒரே ஒரு முட்டை, முழுசாக. வயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் குழந்தை இல்லாவிட்டாலும் ஒரு பூனை உட்காரலாம். பிரஷர் ஒருநாள் குறைகிறது, ஒருநாள் ஏறுகிறது. அடுத்த மாதம் மறுபடி வேலூரில் பார்க்கப்போகிறார்கள்.

இன்று காலை காகம் வரவில்லை. மஞ்சள் இரண்டும் சுவர்மேல் அப்படியே இருந்தன. வெயில் ஏறியது. நான் பார்த்தேன்.

"அங்க இன்னா பார்வை?" என்றாள்.

"காக்கா வருதான்னு பாக்கறேன்."

"காக்காவைப் பாக்கற பார்வை இல்ல அது."

மெதுவாக எழுந்து போனாள். வலது கையால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் நசுக்கி, சாக்கடையில் உதறிவிட்டு, அளந்து பிடிக்கிற மாதிரி கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கையைக் கழுவினாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள்.

"அடுத்த மாசமும் உங்களை வேணாம்னு சொல்லிட்டா, அது வந்துடும் இல்ல மாமா?"

மகளைச் சொல்கிறாள். நான் விரலை அவள் கையில் வைத்தேன். உள்ளே வண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுது" என்றேன்.

அவள் கேட்டது அதை இல்லை.