லேயாவைத் தேடித் திண்டிவனம் போனேன்

1943ஆம் வருஷம் ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. காலை ஒன்பதரை மணிக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் திண்டிவனத்துக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தேன். ஆறணா. கையில் தயிர்சாதமும் ஒரு நாவலின் முதல் பாகமும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் தலைவலி என்று லீவு சொல்லியிருந்தேன். பொய்யில்லை. இரண்டு வாரமாக அந்த நாவல்தான் எனக்குத் தலைவலி.

அது ஸ்பெயின் தேசத்து யூதக் குடும்பம் ஒன்றின் பழைய காலத்துக் கதை. மதம் மாறு, இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போ என்று ராஜா உத்தரவு போடுகிறார். அந்த வீட்டுப் பதினாறு வயதுப் பெண் லேயா. அவள் தகப்பனார் ஊருக்காக மாறுகிறார், வீட்டுக்குள் மாறவில்லை. அகப்பட்டால் உயிரோடு எரித்துவிடுவார்கள். ஒரு மாலை சேவகர்கள் வந்து கதவைத் தட்ட, லேயா எழுந்து போகிறாள். அதோடு முதல் பாகம் முற்றிற்று! நூலாசிரியர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அவரையே அந்தச் சேவகர்களிடம் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

யுத்த காலத்துக் காகிதப் பஞ்சத்தில் இரண்டாம் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. முந்தின நாள்தான் விழுப்புரத்துப் பழைய புத்தகக் கடைக்காரர் துப்புக் கொடுத்தார். "அதுவா? திண்டிவனத்து மளிகைக்காரரு பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிக்கினு போய்ட்டாரும்மா. ஜல்தியா போனா ஏதாச்சும் மிஞ்சியிருக்கும்."

மறுநாளே கிளம்பிவிட்டேன்.

விக்கிரவாண்டி தாண்டி மயிலத்தில் வண்டி நின்றபோது அரையணாவுக்கு மல்லாட்டைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். கடலையை மடியில் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நல்லவேளை, தலைவலித் தைல விளம்பரம்!

எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். "மல்லாட்டைய துன்னாம தாள இன்னாத்துக்கும்மா பாத்துக்கினு இருக்கீங்க?"

கதையைச் சொன்னேன். திண்டிவனம் வரும்வரை யோசித்தவள், "அந்தப் பொண்ணு கதவெத் தொறக்காம பின்பக்கமா ஓடியிருக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பதினோரு மணி. ஜட்கா வண்டிக்கு நாலணா பேசிக் கடைவீதிக்குப் போனேன். மளிகைக்காரர் துவரம்பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாளா? நேத்தே கிழிச்சாச்சும்மா."

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, உடனே சொன்னார்: "ஒரே ஒரு புக்கு மட்டும் எங்க வீட்டம்மா புடுங்கிக்கினு போச்சி. அடுப்புல சோறு தீயிது, அது படிச்சிக்கினு கீது. ஒரே பேஜாரு."

கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்த அம்மாள் பெயர் தனலட்சுமி. கையில் புத்தகத்தோடு வெளியே வந்தாள். பேர் ஊர் சொல்லக்கூட எனக்குப் பொறுமையில்லை.

"லேயா உயிரோடு இருக்கிறாளா?"

"யாரு, லேயா பாட்டியா? துருக்கியில பேரன் பேத்தியோட நல்லா இருக்காங்க. நீங்க யாருங்க?"

பாட்டி! அந்தப் பதினாறு வயதுப் பெண் பாட்டியாகியிருந்தாள். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்புறம் தயிர்சாதம் ஆயிற்று, அவள் வைத்த குழம்பு ஆயிற்று, பேச்சு மட்டும் ஓயவில்லை. தனலட்சுமிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டி வெளக்கப் பானைக்குள்ள வச்சி ஏத்துதே, காத்துல அணையாம இருக்கத்தானே? பேத்தி அதத் தூக்கி ஜன்னல்ல வச்சதும் பாட்டி ஏன் அழுவுது?"

வெள்ளிக்கிழமை விளக்கு அவளுக்குப் புதிதில்லை, அதனால் பாட்டி ஏன் வெள்ளிக்கிழமை ஏற்றுகிறாள் என்று அவள் யோசிக்கவே இல்லை. நான் முதல் பாகத்தைப் பிரித்துக் காட்டினேன். வெள்ளி அந்தியில்தான் யூதர்களின் ஓய்வுநாள் பிறக்கிறது. ஸ்பெயினில் அந்த விளக்கை அண்டை வீட்டார் பார்த்துச் சொல்லிவிட்டால் குடும்பமே நெருப்பில். அதனால்தான் பானை. பயமில்லாத துருக்கியிலும் பாட்டியின் கைப்பழக்கம் போகவில்லை, விளக்கை ஜன்னலில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"இதெல்லாம் அந்தக் காலத்துலதானேங்க?"

"இல்லை. ஐரோப்பாவில் இப்போதும் அவர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்களாம். பத்திரிகையில் வருகிறது."

அவள் விளக்கேற்றும் பக்கத்தை எடுத்து மறுபடியும் படித்தாள்.

ஆறரை மணி வண்டிக்குப் புறப்பட்டபோது புத்தகங்களை மாற்றிக்கொண்டோம். இரண்டாம் பாகம் எனக்கு, முதல் பாகம் அவளுக்கு. வழியனுப்ப வந்தவள், வெள்ளிக்கிழமையாயிற்றே என்று வாசல் மாடத்து அகலை ஏற்றக் குனிந்தாள். உரசிய தீக்குச்சி விரல்வரை எரிந்தது, வேறொன்று உரசினாள்.

"இருவது வருசமா ஏத்திக்கினு இருக்கேன். யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு ஒரு நாளும் நெனச்சதில்லீங்க" என்றாள்.

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.