புகையை அழிக்கும் பட்டன்

இன்னும் கோபம் அடங்கவில்லை.

வடசென்னை எர்ணாவூரில் நான்காம் வகுப்பு டீச்சர் நான். ‘எங்க ஊரு’ என்று பிள்ளைகளை போஸ்டர் செய்யச் சொல்லியிருந்தேன். வீட்டு போனில் எடுத்த படத்தை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் போட்டோ டூலில் ஏற்றி, கீழே ஒரு வரி எழுத வேண்டும்.

மீனவக் குப்பத்து ரோஷினியின் படத்தில் அவள் அப்பாவின் படகு. பின்னால் ஆலைப் புகைபோக்கி, கடல் பக்கம் சாயும் புகை.

“எங்க நைனா காலீல பொகையத்தான் பாப்பாரு. அத வெச்சுதான் காத்து எந்தப் பக்கம்னு சொல்வாரு” என்று எழுதியிருந்தாள். எனக்கே இது தெரியாது.

இன்று கண்காட்சி. சுவரில் அவள் படம் இருக்கிறது, புகையைக் காணோம், புகைபோக்கியையும் காணோம். வானம் பளீர் நீலம்.

“கெஸ்ட் வராங்க டீச்சர், ஊரு கலீஜா தெரியக் கூடாதுல்ல? அந்த போட்டோ டூல்ல ஒரு பட்டன் அமுக்குனேன், எல்லாம் போயிடுச்சு” என்றார் தலைமை ஆசிரியை, பெருமையாக.

வந்த விருந்தினர் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். “புகை எங்க, பாப்பா? சும்மா எழுதிட்டியா?”

ரோஷினி என்னைப் பார்த்தாள். “மிஸ், நான் பொய் சொல்லல மிஸ்.”

அவள் முதலில் அனுப்பிய படத்தை என் போனில் எடுத்து விருந்தினர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

ஒரே பட்டனில் புகை போய்விடுமாமே! அது ஆலையில் எந்தப் பக்கம் இருக்கிறது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நானே போய் அமுக்குகிறேன்.