மதினி போட்ட மிளகாய்த்தூள்

போன வருடம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்து லயத்தில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறோம். செடியின் தூரடியில் குத்தவைத்துக் காய் எடுத்து எடுத்து என் முட்டி தேய்ந்துவிட்டது. பக்கத்தில் தங்கும் விடுதி நடத்தும் மலையாளி அம்மா ஒருவர், ஜப்பான் விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்கள் ஊர்ப் பொரித்த கோழி செய்துகாட்டினால் சமையல் வேலை எனக்குத்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து ருசி பார்ப்பதாகவும் சொன்னார்.

செல்போனில் பார்த்துப் பழகினேன். தோலோடு தொடைக்கறி, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு. அப்புறம் சோள மாவில் புரட்டி இரண்டு தரம் பொரிக்க வேண்டும். மிளகாய் என்ற பேச்சே கிடையாது. கறியை ஊற வைத்து மூடிவிட்டு, அந்த அம்மாவைக் கூட்டி வர ஜீப் நிற்கும் வளைவுக்குப் போனேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால், கறி செக்கச்செவேலென்று கிடக்கிறது! பக்கத்து வீட்டிலிருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் லயத்தில் யார் அடுக்களைக்குள்ளும் யாரும் நுழைவார்கள், மூடியைத் திறந்து உப்புப் பார்ப்பார்கள். அதுதான் பழக்கம்.

"என்ன மதினி செஞ்சீங்க?"

"மசாலா போட மறந்துட்டியேத்தா. வெளியாளு வாறாங்க, மானம் போயிருமேன்னு மொளகாத்தூளும் மஞ்சத்தூளும் போட்டுப் பெசஞ்சு வச்சேன்."

விடுதி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். உள்ளதைப் பொரி என்றார். ஒரு துண்டு கடித்துவிட்டு, "இது நம்மட கோழி பொரிச்சது தன்னே" என்று சிரித்தார். நம்ம ஊர்க் கோழி வறுவலேதானாம். விருந்தாளிகள் மறுநாளே வருவதால் இன்னொரு தரம் பார்க்க நேரமில்லையாம். வேலை குமுளிக்காரி ஒருத்திக்குப் போனது.

மதினி என்ன செய்தார் தெரியுமா? மிச்சமிருந்ததைத் தட்டோடு இழுத்து வைத்துத் தின்றுகொண்டே, "நல்லாத்தானே இருக்கு, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டினால், ஒத்தாசை செய்தவரைத் திட்டுகிறாள் என்று லயமே என்னைப் பேசும். அள்ளிப் போட்டவர் நல்லவர், வாயைத் திறந்தால் நான் பொல்லாதவள். இது எந்த ஊர் நியாயம்?

மறுநாளே அடுக்களைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். பாசமாகவே செய்திருக்கட்டும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்நேரம் நான் அடுப்படியில் நின்றிருப்பேன், தூரடியில் குத்தவைத்திருக்க மாட்டேன்.