செமிலிங் தோட்டத்தில் நான் சொன்ன பெயர்

செமிலிங் பக்கத் தோட்டங்களுக்குப் போய் இளையோரிடம் குடியைப் பற்றிப் பேசப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் போனது மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போட்ட அவசரகாலத்தில். எனக்கு இருபத்திரண்டு வயது. வழியெல்லாம் இப்போது மாறியிருக்கும். நான் செய்த தவறை இன்றும் யாரும் செய்யக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது சுங்கைப்பட்டாணியில் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய்தான் எங்கள் இளைஞர் குழுவின் தலைவர். கள்ளைத் தொடும் முன்பே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். ரப்பர்ப் பால் எடை முடிந்து இருட்டும் வரை செய்ய ஒன்றுமில்லாததுதான் அவர்களைக் கள்ளுக்கடைக்கு அனுப்புகிறது என்பார். அதனால்தான் பந்து, பாட்டு, தையல் எல்லாம். புறப்படும் காலையிலும் சொன்னார்: “யார் பேரையும் எடுக்காதம்மா. என்ன கஷ்டம்னு கேளு, கேட்டத மனசோட வெச்சுக்க. வெக்கப்பட்டவங்க அப்புறம் நம்மகிட்ட வரமாட்டாங்க.”

ஒன்பது மணி பஸ். பீடோங் வழியாகப் பத்து மைல், நாற்பது காசு. இரண்டு இடங்களில் இறக்கிச் சோதித்ததில் ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு இரண்டு மைல் நடை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, தோட்டத்து முள்கம்பி வாசலில் மலாய்க் காவலர் என் சோற்றுப் பொட்டலத்தைத் தடுத்தார். “நாசி உள்ள போக்கூடாது லா. இங்கயே மாக்கான்.” நின்றபடியே சாப்பிட்டேன்.

மதியம் தோட்டத்தில் நடத்திய தையல் வகுப்பு முடிந்ததும் லெட்சுமி மட்டும் போகாமல் நின்றாள். பத்தொன்பது வயது, பால்மரம் வெட்டுபவள். அப்பாவுக்குக் கள் வாங்கப்போய், வரும் வழியில் கொஞ்சம் குடிக்கப் பழகியிருந்தாள். “ஒரு வருஷமாச்சுக்கா. அடுத்த மாசம் பரிசம் போட வராங்க. எப்படி விடறதுன்னு சொல்லுங்கக்கா,” என்றாள்.

மூன்று மணிக்குக் கூட்டம். நாற்பது பேர் இருப்பார்கள். பின்னால் நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஆத்திரம். “பொம்பளப் பிள்ளைங்களுக்கும் இந்தப் பழக்கம் வந்திருச்சு. நம்ம லெட்சுமியே என்கிட்ட சொன்னா,” என்றேன். கூட்டம் அடங்கியது. நன்றாகப் பேசுகிறேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். லெட்சுமி எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது காதர் பாய் திட்டவில்லை. “நீயே போய் அந்தப் பிள்ளையப் பாரு,” என்றார்.

போக இரண்டு மாதம் ஆனது. ஊரடங்கைக் காரணம் சொன்னேன், உண்மையில் பயம். பரிசம் போட யாரும் வரவில்லையாம். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த லெட்சுமியிடம் பகலிலேயே கள் வாடை அடித்தது. மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்லக்கா. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இப்ப ஒளிஞ்சு குடிக்க வேண்டியதில்ல.”

போகிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. மதியத்துக்குப் பின் கூட்டம் வையுங்கள். காலையில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். பேச்சைச் சுருக்குங்கள். ஒருவர் தயங்கி நின்றால், பஸ் போனாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள். லெட்சுமிக்கு அன்று என்ன பதில் சொன்னேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.