பதினேழாம் கிணற்றின் ரேகை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அந்தோணிராஜுக்கு இது நடந்தது பட்டப்பகலில். 2004 மே 18, செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து திருப்பூருக்கு வந்தவர் அந்தோணிராஜ். பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. நொய்யல் ஆற்றோரத்துக் கிணறுகளைப் பார்த்து அறிக்கைக்கு எழுத வேண்டும். பார்ப்பதாவது! அங்கே வழக்கம் வேறு. பேக்கரியில் உட்கார்ந்து, பழைய அறிக்கையைப் பார்த்து 'குடிக்க உகந்தது' என்று எழுதுவார்கள். சாயத்தண்ணீர் ஊறிய பூமியில் இப்படி எழுதக் கை கூசாதா? கூசவில்லை. அவரும் அப்படித்தான் எழுதினார். கெட்டது என்று எழுதியிருந்தால் பதினேழாம் கிணற்றை நம்பியிருந்த ஐந்து வீடுகளுக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கும்.

பழைய அறிக்கையில் உரிமையாளர் என்றிருந்த ஆத்தப்பனின் கைரேகை வாங்க மட்டும் அவர் அங்கே போனார். கிணற்றடியில் ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். மே மாத வெயிலில் வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஆத்தப்பனா?"

"ஆமாங்க. எழுதியாச்சுங்களா?"

"ம். குடிக்கலாம்னு போட்டிருக்கேன்."

"அப்பக் குடிங்க."

சொம்பை நீட்டினார். ஆறின பாலில் ஆடை படிந்த மாதிரி, தண்ணீர் மேல் ஊதாவாக ஒரு ஏடு. அழுகல் நாற்றம். ஏட்டுக்குக் கீழே மயிர் மாதிரி ஏதோ நெளிந்தது... அந்தோணிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரத்தில் தண்ணீரைவிடத் தன் எழுத்தை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது என்று பிறகு சொன்னார்.

"வேண்டாங்க. ரேகை மட்டும் வைங்க."

ஆத்தப்பன் மைப்பெட்டியைத் தொடவில்லை. வெறும் விரலைப் பேப்பரில் அழுத்தினார்.

சளக்...

விரலை எடுத்தார். ரேகை ஊதாவாக விழுந்திருந்தது. கூடவே...

விரல் நுனித் தோல்.

பேப்பரில் ஒட்டியிருந்தது.

அந்தோணிராஜ் நிமிர்ந்தார்.

யாருமில்லை.

சொம்பும் இல்லை.

மணி பன்னிரண்டு நாற்பத்தாறு.

மறுநாள் காலை, 'உகந்தது' என்பதை அடித்துவிட்டு 'குடிக்க உதவாது' என்று எழுதி, மேலாளர் திருமூர்த்தியிடம் கொடுத்தார். போன சர்வேயில் அந்தக் கிணற்றுக்கு எழுதியவர் அவர்தான்.

"இப்படி எழுதினா போன ரிப்போர்ட் பொய்யாயிருமில்லப்பா," என்று கிழிக்கப் போனவர் கை அப்படியே நின்றது. ரேகையைப் பார்த்துவிட்டார்.

"இதை யாரு வெச்சாங்க?"

"ஆத்தப்பன் சார்."

திருமூர்த்திக்கு முகம் வெளுத்தது. "அவரு செத்து நாலு வருசமாச்சு. அந்தத் தண்ணியக் குடிச்சு வயிறு வெந்துதான் போனாரு. போன சர்வேக்கு நான் போகவே இல்ல. அவரு பேருக்கு என் வெரலையே வெச்சேன். அன்னைக்குத்தான் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்தாங்கன்னு அப்புறமாத் தெரிஞ்சுது."

பிறகு போன சர்வேயில் வைத்த அதே இடது பெருவிரலை மையில் தோய்த்து, ஊதா ரேகைக்குப் பக்கத்தில் உருட்டினார்.

இரண்டும் ஒன்று. குறுக்கே ஓடிய வெட்டுத் தழும்புகூட ஒன்று.

 திருமூர்த்தி பேப்பரைக் கிழிக்காமல் அந்தோணிராஜிடமே நீட்டினார்.

"லாரிக்கு எழுதுப்பா," என்றார்.